பேருந்தில் போய் மலையேறுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

சொந்த வண்டி இல்லாவிட்டால் மலைப்பக்கம் போக முடியாது என்று சென்னையில் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. திருக்கழுக்குன்றம், சோளிங்கர், செஞ்சி மூன்றுக்கும் அரசுப் பேருந்திலேயே போய், ஏறி இறங்கி, அன்று இரவே வீடு திரும்பிவிடலாம். ஆனால் பேருந்தை நம்பிப் போகும் நாளுக்குத் தனிக் கணக்கு உண்டு. காரில் போகிறவர் ஒரு மணி நேரம் தாமதித்தால் பெரிய நஷ்டமில்லை. பேருந்தில் போகிறவருக்கு அந்த ஒரு மணி நேரத்தில் கடைசி வண்டியே போய்விடும்.

அதிகம் பேர் செய்யும் தவறு, போகிற வண்டியை மட்டும் விசாரித்துவிட்டுக் கிளம்புவது. திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று முதலில் தெரிந்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். மலையடிவாரக் கிராமங்களுக்கு ஒரு நாளைக்குச் சில நடைகள்தான் பேருந்து வரும். பள்ளிக்கூட நேரத்தை ஒட்டி ஓடும் வண்டி ஞாயிற்றுக்கிழமை வராமலும் போகலாம். இன்னொன்று, இரவில் ஊருக்குள் வரும் கடைசி வண்டி பல கிராமங்களில் ஹால்ட் வண்டியாக இருக்கும். இரவு அங்கேயே தங்கி, விடிகாலையில்தான் புறப்படும். அதைப் பார்த்து ‘பஸ் வந்துவிட்டது’ என்று ஓடிப்போய்ப் பயனில்லை. போகும்போதே நடத்துநரிடம், “கடைசி வண்டி எப்போ? அது திரும்பப் போகுமா, ஹால்ட்டா?” என்று கேட்டுவிடுங்கள். டீக்கடையிலும் ஒருமுறை கேளுங்கள். இந்த இருவர் சொல்லும் நேரத்தைத்தான் நான் நம்புவேன், கைபேசி காட்டும் நேரத்தை அல்ல.

கடைசி வண்டிக்குப் போவதாகத் திட்டமே போடக் கூடாது. அதற்கு முந்தைய வண்டியைக் குறி வையுங்கள். அது தவறினால்தான் கடைசி வண்டி.

அடுத்தது, தவறான பேருந்து நிலையத்துக்குப் போய் நிற்பது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறக்கப்பட்ட பிறகு தென் மாவட்டப் பேருந்துகள் அங்கிருந்து புறப்படுகின்றன. ஆந்திரப் பக்கம் போகும் வண்டிகளுக்கு மாதவரம். பழைய பழக்கத்தில் கோயம்பேட்டில் போய் இறங்கினால் காலையின் குளிர்ந்த நேரம் ஊருக்குள்ளேயே வீணாகும். திருக்கழுக்குன்றத்துக்கு இந்த நிலையங்கள் எதுவுமே வேண்டாம். மின்சார ரயிலில் செங்கல்பட்டு போய், அங்கிருந்து பேருந்து பிடிப்பதுதான் நல்லது.

செஞ்சிக் கோட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து பேருந்தில் போகக்கூடிய ஒருநாள் ஏற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு கூட்டமும் வருகிறது. திருவண்ணாமலைக்குப் போகும் பேருந்துகளில் பெரும்பாலானவை திண்டிவனம், செஞ்சி வழியாகத்தான் போகின்றன. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பௌர்ணமி அன்று அந்த வண்டிகள் கிரிவலம் போகிறவர்களால் நிரம்பி வழியும். கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் நின்றுகொண்டே போய் இறங்கினால் கால் அப்போதே சோர்ந்துவிடும். ஆகவே நாள்காட்டியில் பௌர்ணமியைப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள். கார்த்திகை தீபத்தை ஒட்டிய நாட்களை அறவே விட்டுவிடலாம். திரும்பும்போதும் கோட்டைப் பக்கம் சாலையோரம் நின்று சென்னை வண்டிக்குக் கை காட்டிக்கொண்டிருக்க வேண்டாம். மாலையில் அவை திருவண்ணாமலையிலேயே நிறைந்துதான் வரும். செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் போய்த் திண்டிவனம் வண்டியைப் பிடியுங்கள். திண்டிவனத்தில் சென்னைக்கு வண்டிப் பஞ்சமே இல்லை.

செஞ்சியில் இன்னொரு சிக்கல் நேரம். பிற்பகல் 3 மணிக்கு மேல் கோட்டையின் முக்கிய மலையான ராஜகிரிக்கு ஏற விடமாட்டார்கள். காலை பத்து மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி, வழியில் சாப்பிட்டு, மூன்று மணியைத் தாண்டிப் போய்ச் சேர்கிறவர்கள் கீழே கல்யாண மகாலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஒரே நாளில் ராஜகிரி, கோட்டையின் இன்னொரு குன்றான கிருஷ்ணகிரி இரண்டையும் ஏறிவிடலாம் என்று போகிறவர்களும் உண்டு. பேருந்தில் போனால் ஒன்று போதும். ராஜகிரியை எடுத்துக்கொண்டு, உச்சிக்குச் சற்று முன்னால் பாறைப் பிளவின் மேல் இருக்கும் பாலத்தில் நின்று, அந்த இடத்தை எதிரி எப்படித் தாண்டியிருக்க முடியும் என்று நிதானமாக யோசித்துப் பார்ப்பது அரைகுறையாக இரண்டு மலை ஏறுவதைவிட மேல்.

வெயிலை நம் ஊர்க்காரர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ‘சென்னை வெயிலையே பார்த்தாச்சு, இது என்ன’ என்ற நினைப்பு. செஞ்சியைச் சுற்றி இருப்பது வெறும் பாறைக் குன்றுகள். வெயில் மேலிருந்து அடிப்பதோடு பாறையும் கீழிருந்து சூட்டைக் கக்கும். மேலே கடை கிடையாது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் சுமை என்று தோன்றும், ஆனால் அது தேவைப்படும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறோ, ஓஆர்எஸ் பொட்டலமோ வைத்துக்கொள்ளுங்கள். தலைவலி, குமட்டல், திடீரென்று வியர்ப்பது நிற்பது இவையெல்லாம் உச்சி எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் இறங்கச் சொல்லும் அறிகுறிகள். நடப்பதற்கு நல்ல காலம் டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை. ஏப்ரல், மே மாதங்களில் வேண்டவே வேண்டாம்.

கோட்டையும் கோவில் படியும் ஒரு வகை, காப்புக்காடு வேறு வகை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். அதன் பிறகு விதிகள் இறுகின, இறுக வேண்டியதுதான். இப்போது வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் இருக்கிறது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கியது. இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டி கூடவே வருவார். 2025-ல் காட்டுத்தீக் காலம் என்று பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை பாதைகளை மூடினார்கள். இதைப் பார்க்காமல் தேதி குறிக்காதீர்கள். யாரோ போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு, அனுமதியில்லாமல் ஊர்ப்பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் நுழைவது சட்டப்படி குற்றம். ஏதாவது நேர்ந்தால் தேடி வருவதற்கு நீங்கள் உள்ளே இருப்பதே யாருக்கும் தெரியாது.

அந்த 40 பாதைகளில் சென்னைக்குப் பக்கத்தில் இருப்பது திருவள்ளூர் மாவட்டத்தின் குடியம் குகைகள். திருவள்ளூர் வரை மின்சார ரயில் உண்டு, ஆனால் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் அடுத்தடுத்து இல்லை. பூண்டிப் பக்கம் போகும் பேருந்தைப் பிடிக்க அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். நடை காலையிலேயே தொடங்கிவிடும். குகைக் கூரையில் பெரிய தேனடைகள் தொங்கும். அதனால் வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போவது, கத்துவது, புகைப்பது மூன்றும் ஆபத்து. தரையில் கிடக்கும் கூழாங்கல்லையும் எடுத்துப் பையில் போட வேண்டாம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அவர் கண்ட அத்திரம்பாக்கம் இங்கே பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே கிடைத்த கருவிகள் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். உங்கள் காலடியில் கிடப்பது வெறும் கல்லா, கருவியா என்று பார்த்தவுடன் தெரியாது. கருவிகளைப் பார்க்கத்தான் பூண்டியில் அகழ்வைப்பகம் இருக்கிறதே.

நாகலாபுரமும் தடாவும் சென்னைக்குப் பக்கம் என்பதால் தமிழ்நாடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஆந்திர வனத்துறையின் கையில் இருக்கின்றன, நம் ஊர் அனுமதி அங்கே செல்லாது. அங்குள்ள சுனைகளில் நீந்தத் தெரிந்த இளைஞர்களே இறந்திருக்கிறார்கள். வழுக்குப் பாறை, ஆழம் தெரியாத குட்டை, மேலே எங்கோ பெய்த மழையில் திடீரென்று ஏறும் தண்ணீர். குதிக்க வேண்டாம் என்று உடன் வருகிறவர்களிடம் கிளம்பும்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள். தண்ணீரைப் பார்த்த பிறகு சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

சோளிங்கருக்குப் போகிறவர்கள் கையில் பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஏறினால் குரங்கு பிடுங்கிவிடும். எல்லாம் முதுகுப்பைக்குள் இருக்கட்டும். நரசிம்மர் கோவில் இருக்கும் பெரிய மலைக்கு 1,305 படி, பெரும்பாலும் கூரை உண்டு. கார்த்திகை மாத வெள்ளி, ஞாயிறுகளில் நடக்க மட்டும் போகிறவர்களுக்கு அங்கே இடமிருக்காது. கோவில் படிகளில் செருப்பில்லாமல் ஏறும்போது நண்பகல் கல் சுடும், ஒரு ஜோடி பழைய காலுறை போதும். சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு இலவசப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில்தான். திண்டிவனம், செஞ்சி போகும் வெளியூர் வண்டிகளில் டிக்கெட் எடுக்க வேண்டும்.

கடைசியாக, முதல் மலையாகவே கடினமானதைத் தேர்ந்தெடுப்பது. இப்போது பலர் நேராகப் பர்வதமலையில் தொடங்குகிறார்கள். பாறையில் அடித்த இரும்புக் கம்பிகளையும் சங்கிலியையும் பிடித்து ஏறும் பகுதி அதில் உண்டு. சென்னையிலிருந்து பேருந்தில் ஒரே நாளில் போய்வரும் தூரமும் அல்ல. திருக்கழுக்குன்றத்தில் தொடங்குங்கள். 500-க்கும் மேற்பட்ட படிகள், ஏறினால் உங்கள் மூச்சும் முட்டியும் எப்படி இருக்கின்றன என்று தெரிந்துவிடும். நண்பகலில் நடை சாத்துவதற்குள் மேலே போய்விடுங்கள், இறங்கும்போது ஒருகல் மண்டபத்தைப் பாருங்கள். அடுத்தது சோளிங்கர், அப்புறம் செஞ்சி. செஞ்சியை ஏறி இறங்கிய மறுநாள் கால் வலியில்லாமல் வேலைக்குப் போக முடிந்தால், ஒரு இரவு திருவண்ணாமலையில் தங்கி, மறுநாள் காலை முதல் வண்டியில் பர்வதமலை அடிவாரத்தில் இருக்கும் தென்மாதிமங்கலம் போகலாம்.