கோழி எருவை ஈ மொய்க்காமல் மட்கவைக்கும் முறை

ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் எச்சமிடும் என்பதால், 50 கோழிகள் வளர்ப்பவரிடம் ஒன்றரை மாதத்தில் ஒரு குவியலுக்கு வேண்டிய எரு சேர்ந்துவிடும். அதைப் பச்சையாகவே வயலுக்கு இட்டால் பயிரின் வேர் கருகும். ஈரத்தோடு மூலையில் போட்டுவைத்தாலோ ஈ பெருகும். வெயில் காலத்தில் ஈயின் முட்டை ஒரே நாளில் பொரிந்து, பத்து நாட்களுக்குள் புழு, கூட்டுப்புழு நிலைகளைக் கடந்து பறக்கத் தொடங்கிவிடும். ஆகவே முதல் வேலை, கொட்டகையில் எருவை உலர்வாக வைப்பது. தண்ணீர்க் குழாயில் சொட்டு ஒழுகினால் அன்றே சரிசெய்யுங்கள். ஈரமான இடங்களில் தென்னை நார்க்கழிவைத் தூவுங்கள். அள்ளிய எருவை மூடியுள்ள பீப்பாயில் சேர்த்துவையுங்கள்.

அடுத்தது கலவை. கோழி எருவில் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுதி, கரிமச்சத்து (கார்பன்) குறைவு. எனவே ஒரு கூடை எருவுக்கு மூன்று கூடை நார்க்கழிவோ, மரத்தூளும் காய்ந்த சருகும் கலந்ததோ சேர்க்க வேண்டும். மரத்தூளை மட்டும் போட்டால் காற்று புகாமல் இறுகிவிடும். தண்ணீர் தெளித்துக் கலந்தபின் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள்: உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஓரிரு சொட்டுக்கு மேல் வரக்கூடாது. வழிந்தால் இன்னும் நார்க்கழிவு சேருங்கள். சுண்ணாம்பு சேர்க்கவே வேண்டாம். அது தழைச்சத்தை அம்மோனியாவாக வெளியேற்றிவிடும், கண் எரிவதுதான் மிச்சம்.

நிழலும் மேடுமான இடத்தில் நீள, அகல, உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் வரும்படி குவியுங்கள்; அதற்குச் சிறிய குவியல் சூடேறாது. மேலே நான்கு விரற்கடை கனத்துக்கு உலர்ந்த நார்க்கழிவைப் போர்த்துங்கள். நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி, மூன்றாம் நாள் உருவித் தொட்டுப் பார்த்தால், கையில் பிடிக்க முடியாத அளவு சுட வேண்டும். உள்ளே 55 முதல் 65 பாகை செல்சியஸ் வெப்பம் இருக்கும்போது எந்தப் புழுவும் அங்கே பிழைக்காது.

ஆனால் புழு அங்கே இருக்காது என்பதுதான் பலர் கவனிக்காத செய்தி. வெப்பம் தாங்காமல் அது குளிர்ந்த ஓரத்துக்கு நகர்ந்துவிடும். ஆகவே முதல் வாரத்தில் இருமுறையேனும் குவியலைக் கிளறி, ஓரத்தில் உள்ளதை நடுவுக்கும் நடுவில் உள்ளதை ஓரத்துக்கும் மாற்றுங்கள்; அதன்பின் வாரம் ஒருமுறை போதும். தப்பிய புழுக்கள் கூட்டுப்புழுவாவதற்குச் சுற்றியுள்ள உலர்ந்த மண்ணுக்குள் புகும் என்பதால், அந்த மண்ணையும் சுரண்டிக் குவியலின் நடுவில் போடுங்கள். கோழிகளை விட்டுக் கொத்தவைக்கலாமே என்று தோன்றும்; ஈ வழியாகக் கோழிக்கு நாடாப்புழு தொற்றும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை. பூச்சிமருந்தும் அடிப்பதில்லை, ஏனெனில் ஈயின் முட்டையைத் தின்னும் வண்டுகளும் சிலந்திப் பேன்களும் அதில் மடிந்துவிடும்.

இரண்டு, மூன்று மாதங்களில் குவியல் பாதியாகத் தாழ்ந்து, கிளறினாலும் சூடேறாமல், அம்மோனியா நெடி போய் மண்வாசம் வரும். அப்போது சலித்துச் சாக்கில் கட்டிக்கொள்ளலாம்.