அரிசி ஆலையில் தீயணைப்புக் குழாய் மாற்றும்போது விடும் பிழைகள்

கரையோர உப்பு மணலுக்குள் கிடக்கும் இரும்புக் குழாய் வெளிப்புறமும் அரிக்கும்; வருடக்கணக்காக அசையாத தண்ணீரால் உட்புறமும் அரிக்கும். மாற்றத்தான் வேண்டும். முதல் பிழை, வேலை தொடங்கும் மாதத்தைத் தேர்வதிலேயே நடக்கிறது.

பெரும்போக வெள்ளாமை வெட்டு முடிந்ததும் ஆலை இரவு பகலாக ஓடும், உமி மலையாகக் குவியும். அந்த நேரம் தீயணைப்புத் தண்ணீரை நிறுத்தவே கூடாது. மாரியிலும் தொடாதீர்கள். கார்த்திகையில் வேலை எடுத்த ஓர் ஆலையில், மண் போடாமல் விட்ட பொலித்தீன் குழாய் ஒரே இரவு மழையில் மிதந்து, விடிய, குழாய்க்கு வெட்டிய கிடங்குக்கு வெளியே வளைந்து கிடந்ததைப் பார்த்து நெஞ்சு பதைத்தது. வெறுங்குழாய் தோணி மாதிரி. நிலத்தடி நீர் ஏறினால் மேலே வந்துவிடும். சித்திரை, வைகாசி, கச்சான் பலக்க முதல், அதுதான் தோதான காலம்.

அப்போதும் முழு லைனிலும் ஒரேயடியாகத் தண்ணீரை நிறுத்தாதீர்கள். வால்வுக்கு வால்வு பகுதி பகுதியாக மாற்றுங்கள். தீயணைப்புத் தண்ணீர் நிறுத்தியிருக்கும் பகுதியில் வெல்டிங் வேண்டாம். காவலுக்கு ஆள் நிற்கட்டும். மட்டக்களப்போ கல்முனையோ, மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அடுத்தது அளவு. ஆறு அங்குல இரும்புக்குப் பதில் 160 மில்லிமீற்றர் பொலித்தீன் போட்டால் சரி என்று கடையில் சொல்வார்கள். 160 என்பது வெளிவிட்டம். 16 பார் அழுத்தம் தாங்கும் எஸ்டிஆர் 11 குழாயின் (வெளிவிட்டம் சுவர்த் தடிப்பைப் போல் 11 மடங்கு) உள்விட்டம் ஏறக்குறைய 131தான். இரும்பில் அது 150க்கு மேல். உட்புற வழவழப்பு கொஞ்சம் ஈடுகட்டும், முழுதாக அல்ல. 200 எடுங்கள். நான்கு அங்குலத்துக்கு இறங்கி மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு: அதே அளவு தண்ணீர் ஓட, உராய்வில் போகும் அழுத்தம் ஏழு மடங்காகும். கடைசி ஹைட்ரன்டில், அதாவது தீயணைப்பு ஹோஸ் மாட்டும் வாயில், தண்ணீர் சொட்டும், பாயாது.

பொலித்தீன் நிலத்துக்குக் கீழே மட்டும். மேலே வரும் துண்டு இரும்பாகவே இருக்கட்டும், நெருப்பில் பொலித்தீன் உருகிவிடும். வளைவுகளிலும் முடிவுகளிலும், குறிப்பாக செருகு மூட்டுக் குழாய்களில், குழாய் நகராமல் தாங்கக் கொங்கிறீற் முட்டு வையுங்கள். இல்லாவிட்டால் பம்பு தொடங்கிய அடியிலேயே மூட்டு கழன்றுவிடும்.

மூட்டுகளை மண் போட்டு மூடிவிட்டுச் சோதிக்கும் அவசரமும் வேண்டாம். அவை கண்ணுக்குத் தெரியும்போதே, காற்றால் அல்ல, தண்ணீரால் 200 பிஎஸ்ஐ (ஏறக்குறைய 14 பார்) அழுத்தம் ஏற்றி இரண்டு மணிநேரம் பிடித்துப் பாருங்கள். ஹைட்ரன்டைப் பொருத்த முதல் வேகமாகத் தண்ணீர் அடித்துக் கழுவி, மணலையும் பழைய துருவையும் வெளியே தள்ளுங்கள்.