மதுரையில் சைக்கிள் பார்ப்பது எப்படி?

அப்பா செல்லூரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். மொத்தம் 18 வண்டி. அரை சைக்கிள் நாலு, முக்கால் சைக்கிள் மூன்று, மற்றதெல்லாம் பெரிய வண்டி. பின் மட்கார்டில் கடைப் பெயரும் நம்பரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நோட்டில் நேரம் குறிப்பது என் வேலை. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அது எத்தனையாம் நம்பர் என்று சொல்லிவிடுவேன். 7க்குச் செயின் கவர் உரசும். 11க்கு முன்வீலில் கோட்டம், எத்தனை தடவை எடுத்தாலும் திரும்ப வந்துவிடும்.

கடையை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. அந்தப் பார்வை மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நோட்டும் துணியும் எடுத்துக்கொண்டு சைக்கிள் பார்க்கக் கிளம்பிவிடுவேன். எதைப் பார்க்கிறாய், எப்படிப் பார்க்கிறாய் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலை கூடின வண்டியோ, பழைய வண்டியோ மட்டும்தான் அபூர்வம் என்று நான் நினைப்பதில்லை. ஒரு மனிதர் தன் தேவைக்காக எதையாவது மாற்றி, கூட்டி, வளைத்து வைத்திருக்கும் வண்டிதான் என் நோட்டில் ஏறும். “இது ஏன் இங்கே இருக்கிறது?” என்று கேட்க வைத்தால் போதும்.

சரி, அதற்கு முதலில் சாதாரண வண்டியை மனப்பாடம் செய்ய வேண்டும். நம் ஊர்க் கறுப்பு வண்டிக்கு 28 அங்குல வீல், ராடு பிரேக், முன்வீலில் 32 போக்ஸ் கம்பி, பின்வீலில் 40, பின்னால் கேரியர், இரண்டு கால் ஸ்டாண்டு. பின்வீலில் எட்டுக் கம்பி அதிகம் இருப்பது பாரம் அங்கேதான் இறங்கும் என்பதால். இந்த உருவம் மனதில் பதிந்துவிட்டால் எது மாறியிருந்தாலும் கண் தானாக அங்கே போய் நிற்கும். ஒரு வாரம் எந்தக் கறுப்பு வண்டியைப் பார்த்தாலும் கம்பியை எண்ணுங்கள். வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

அப்புறம் நேரம். காலை ஆறு மணிக்கு முன்னால் கிளம்பினால்தான் உழைக்கிற வண்டிகளைப் பார்க்க முடியும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் வாசலில் நின்றால் மல்லிகை மூட்டையோடு போகிற வண்டிகள் வரும். கீழமாசி வீதியில் மளிகைக் கடைகள் திறப்பதற்கு முன்னால் சுமை வண்டிகள் வரிசையாக நிற்கும். நிற்கிற வண்டியைத்தான் நிதானமாகப் பார்க்க முடியும். சோழவந்தான் பக்கம் போனால் புல்லுக்கட்டு, வாழை இலைக்கட்டு. சாயங்காலமென்றால் தெப்பக்குளம். அங்கே பிள்ளைகளின் புது வண்டிகள் அதிகம், கலர் நன்றாக இருக்கும், எழுதிக்கொள்ள ஒன்றும் இருக்காது. சைக்கிளில் போய் சைக்கிள் பார்க்காதீர்கள், நடந்து போங்கள்.

பார்க்கும்போது கீழிருந்து மேலே போக வேண்டும். எல்லாரும் முதலில் ஹேண்டில் பாருக்குக் கீழே இருக்கும் கம்பெனி வில்லையைத்தான் பார்க்கிறார்கள். நான் அதைக் கடைசியாகப் பார்ப்பேன். ஒரு தடவை பழைய ராலே என்று நம்பி இரண்டு பக்கம் குறிப்பெழுதினேன். அப்புறம் ஒரு ரிப்பேர் கடைக்காரர் சட்டத்தின் அடியில் பெடல் அச்சு சுற்றும் இடத்தைக் கழற்றிக் காட்டினார். வில்லை மட்டும்தான் ராலே, சட்டம் எங்கேயோ ஒட்டினது. பழைய இங்கிலீஷ் ராலேக்கு அந்த இடத்தில் மரை அங்குலத்துக்கு 26. மற்ற வண்டிகளுக்குப் பெரும்பாலும் 24. “ராலேன்னா வேற வண்டிக் கப்பு ஏறவே ஏறாதும்மா, இதுல சர்ருன்னு ஏறுது பாருங்க” என்றார். அன்றைக்கு எழுதிய இரண்டு பக்கத்தையும் அடித்துவிட்டேன்.

கீழிருந்து என்றால், முதலில் செயின் வீல், பெடலோடு சுற்றும் பல் தகடு. பழைய இங்கிலீஷ் கம்பெனிகள் இந்தத் தகட்டில் தங்கள் அடையாளத்தை வெட்டி வைத்தார்கள். ராலேயில் நாரைத் தலைகள் இருக்கும். ரட்ஜில் ஒரு கை. ஹம்பரில் ஓடுகிற மனிதர்கள். பி.எஸ்.ஏ.வில் அந்த மூன்று எழுத்துகளே. பி.எஸ்.ஏ. முதலில் பர்மிங்காமில் துப்பாக்கி செய்த கம்பெனி. அதன் வில்லையில் மூன்று துப்பாக்கிகளைச் சாத்தி வைத்த படம் இருப்பது அதனால்தான். ஹம்பரை எதிரே வரும்போதே பிடித்துவிடலாம், முன் போர்க்கில் ஒவ்வொரு பக்கமும் ஒரு குழாய்க்குப் பதில் இரண்டு குழாய் இறங்கும்.

நம் நாட்டு வண்டிகளையும் குறைத்து நினைக்காதீர்கள். 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்த ஹெர்குலஸும் ஃபிலிப்ஸும் தமிழ்நாட்டையே சுமந்தவை. அசன்சாலில் செய்த சென் ராலே எப்போதாவது கண்ணில் படும். அட்லஸ் பார்த்தால் கண்டிப்பாகக் குறித்துக்கொள்ளுங்கள். 1951இல் சோனிபட்டில் தொடங்கிய கம்பெனி. 2020 ஜூன் 3ஆம் தேதி, உலக சைக்கிள் தினத்தன்று, அதன் கடைசித் தொழிற்சாலையும் நின்றுபோனது. இன்று எல்லாத் தெருவிலும் நிற்கிற வண்டி, இன்னும் கொஞ்ச வருடத்தில் தேடிப் போய்ப் பார்க்க வேண்டியதாகிவிடும்.

அடுத்து காது. இதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். சாதாரண பிரீவீல், மிதிப்பதை நிறுத்தும்போது மட்டும் டிக் டிக்கென்று சத்தம் போடும். மிதித்துக்கொண்டே இருக்கும்போதும் பின்னால் டிக்… டிக்… டிக் என்று நிதானமாகக் கேட்டால் ஓடிப்போய் நிறுத்துங்கள். அது ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் மூன்று கியர் ஹப்பாக இருக்கலாம். ஹப் என்றால் கம்பிகள் வந்து சேரும் வீலின் நடு உருளை. கியர் முழுக்க ஹப்புக்குள்ளேயே இருப்பதால் வெளியே பார்த்தால் கொஞ்சம் தடித்த ஹப் மாதிரித்தான் தெரியும்.

போன தைக்கு முன்னால் செல்லூர் பாலத்தின் அடியில் அந்தச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஒரு பெரியவர், எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும், பாலம் தொடங்கும் இடத்தில் இறங்கி வண்டியைத் தள்ள ஆரம்பித்தார். கூடவே நடந்தேன்.

“ஐயா, வண்டி எங்க வாங்குனது?”

“எங்கப்பா ஓட்டுன வண்டி தாயி. மில்லுக்குப் போக வாங்குனாரு.”

பாலத்தைத் தாண்டியதும் ஒரு டீக்கடையில் ஸ்டாண்டு போட்டுப் பார்க்கவிட்டார். ஹப் மேல் ஒரு விரற்கடை அழுக்கு. துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்க ஹப்பின் மாடல் பெயர் வந்தது: ஏ டபிள்யூ. அதன் பக்கத்தில் 54. கீழே 6. இந்த ஹப்பில் செய்த வருடத்தையும் மாதத்தையும் அடித்து வைத்திருப்பார்கள், 1954 ஜூன். அவரிடம் சொன்னேன். அவர் குனிந்து விரலால் அந்த எண்ணைத் தடவிப் பார்த்தார். “எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து இந்த வண்டி இருக்கு, இத நான் பாத்ததே இல்லையே” என்றார்.

வலது பக்க அச்சுக்குள்ளிருந்து ஒரு குட்டிச் சங்கிலி வெளியே வந்து கேபிளோடு சேர வேண்டும். அது இல்லை. கேபிளும் இல்லை. இந்த ஹப்புக்கு ஒரு குணம் உண்டு: கேபிள் இழுக்காவிட்டால் தானாகவே மேல் கியரில் போய் உட்கார்ந்துகொள்ளும். சமதரையில் பிரச்சினை இல்லை. ஏற்றத்தில் கனக்கும். அதைச் சொன்னதும் அவர் என்னையே பார்த்தார். “பாலம் ஏறுறப்ப கனக்குது தாயி. வயசாயிருச்சுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

ஸ்டர்மி ஆர்ச்சரை 2000இல் ஒரு தைவான் கம்பெனி வாங்கிவிட்டது, உதிரி பாகம் இன்றும் வருகிறது. எங்கள் தெரு ரிப்பேர் கடைக்காரரிடம் சொல்லிவைத்தேன். தேடிப் பார்க்கிறேன் என்றார்.

இனி, தொழில் வண்டிகள். இவற்றைப் பார்க்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் ஒரு காலை முழுக்க இவற்றுக்கே கொடுக்கலாம். சாணை பிடிக்கிறவர் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெய்ஹிந்துபுரத்தில் நான் பார்த்த ஒன்றில் பின்வீலோடு ஒட்டி இன்னொரு சின்ன ரிம்மைப் போக்ஸ் கம்பியில் கட்டியிருந்தார். அதிலிருந்து ஒரு பெல்ட், முன்னால் பார் மேல் வைத்த சாணைக்கல்லுக்குப் போகிறது. ஸ்டாண்டைப் போட்டு, சீட்டில் உட்கார்ந்து, முன்பக்கம் பார்த்தபடியே மிதிக்கிறார். கத்தி பிடிக்க இரண்டு கையும் சும்மா இருக்கிறது. கல்லுக்கு மேல் ஒரு பால் டின், அடியில் ஆணியால் துளை. தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்து கல்லைக் குளிர வைக்கிறது. வேலை முடிந்ததும் பெல்ட்டைக் கழற்றி ஹேண்டில் பாரில் மாட்டிக்கொண்டு ஓட்டிப் போய்விடுகிறார். பட்டறையும் அதுதான், வண்டியும் அதுதான். நாளாக ஆகப் பெல்ட் இழுபட்டுத் தளருமே என்று கேட்டேன். கல் தாங்கியில் மூன்று துளை போட்டு வைத்திருப்பதைக் காட்டினார், ஒவ்வொன்றாகத் தள்ளி மாட்டிக்கொள்ளலாமாம். இந்த மூன்று துளைக்காகத்தான் நான் தெருவில் நிற்கிறேன்.

பால்காரர் வண்டியில் கேன் தொங்கும் கொக்கிகளைப் பாருங்கள். கேரியரில் கட்டாமல் இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்கவிடுவார்கள், பாரம் கீழே இருந்தால் வண்டி ஆடாது. சுமை வண்டிகளில் முன் அச்சிலிருந்து ஹேண்டில் பார் வரை கூடுதலாக இரண்டு கம்பி ஏறும். டயரையும் கவனியுங்கள், கிழிந்த டயருக்குள் பழைய டயர்த் துண்டை வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு, அந்த இடம் மட்டும் லேசாகப் புடைத்திருக்கும்.

அலங்காரம் செய்த வண்டிகள் தனி. ஹப்பைச் சுற்றிக் கலர் நூல் வளையம் கட்டுவது அழகுக்காக என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வீல் சுற்றும்போது அது ஹப்பைத் துடைத்துக்கொண்டே இருக்கும், அதனால்தான் அந்த ஹப் மட்டும் பளபளவென்று இருக்கும். ஹெட்லைட்டுக்கு மஞ்சள் துணி உறை, கம்பிகளில் கோத்த மணி, மட்கார்டு நுனியில் ரப்பர் மடல் எல்லாம் குறைந்துகொண்டே வருகின்றன. ஊராட்சியும் நகராட்சியும் சைக்கிளுக்கு வரி வாங்கிய காலத்தில் கொடுத்த தகர வில்லை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் வண்டி கிடைத்தால், அதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள்.

வெளிநாட்டு வண்டிகளும் வரும். மேலக் கோபுரத் தெருப் பக்கம் நாலு பை தொங்கவிட்டு நாடு சுற்றுகிறவர்கள் வருவார்கள். ஞாயிறு விடியலில் நான்கு வழிச் சாலையில் 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கக் கிளம்பும் கூட்டத்தைப் பார்க்கலாம். முன் போர்க்கில் ஒரே கால் இருக்கும் வண்டி ஒன்றை அங்கேதான் பார்த்தேன். நல்ல வண்டிகள்தான். ஆனால் அவை கம்பெனி யோசித்தவை. ஓட்டுகிறவர் யோசித்தது அதில் குறைவு.

போட்டோ எடுக்கும்போது செயின் இருக்கும் வலது பக்கம் நில்லுங்கள். ஹப் உயரத்துக்குக் குனிந்து எடுங்கள், நின்றபடி எடுத்தால் வீல் முட்டையாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் முன்னால் கேளுங்கள். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் செல்போன் கவர் விற்கிற ஒருவரைக் கேட்காமல் எடுத்துவிட்டேன். அவர் பொருள் மாட்டக் குடைக்கம்பியில் செய்திருந்த சட்டம் அவ்வளவு நன்றாக இருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “என்னையவா எடுத்தீங்க?” என்றார். வண்டியைத்தான் என்று காட்டி, அவர் எதிரிலேயே அழித்தேன். அப்புறம் அவரே சட்டத்தை விளக்கிச் சொன்னார், நான் படம் எடுக்கவில்லை, கையால் வரைந்துகொண்டேன். இன்னொன்று, விலை கேட்காதீர்கள். வாங்க வந்தவர் என்று நினைத்துவிட்டால் அந்த வண்டியின் கதை உங்களுக்குக் கிடைக்காது.

நோட்டில் அதிகம் வேண்டாம். நாள், நேரம், இடம், என்ன மாறியிருக்கிறது, ஏன். பெயர் எழுதுவதில்லை. இந்த ஞாயிறு நான் எழுதியது இவ்வளவுதான்:

“காலை 6.40, செல்லூர் பாலம். 1954 ஜூன் ஹப். குட்டிச் சங்கிலியும் புதுக் கேபிளும் போட்டாயிற்று. கீழ் கியரில் சத்தம் இல்லை. இறங்காமல் ஏறினார்.”