ஒரே புல்லட், ஒரே பவுடர், மூணு மேனுவல்ல மூணு நம்பர்: எதை எடுத்துக்கறது?

ரிவால்வர் ரவுண்டை (தோட்டாவை) சொந்தமா லோட் பண்றவங்க, அதாவது காலி கேஸ்ல (வெளிக்கூட்டுல) பவுடரும் புல்லட்டும் வச்சுத் தயார் பண்றவங்க எல்லாருமே ஒரு கட்டத்துல இந்தக் குழப்பத்துல வந்து நிப்பாங்க, எந்த புல்லட்டுக்கு எவ்வளவு பவுடர்னு சொல்ற ஒரு மேனுவல்ல மேக்ஸிமம்னு போட்ட அளவு இன்னொண்ணுல நடுவுலயே வந்துடும். அப்போ ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்து ஒரு நம்பர் எடுத்துடாதீங்க, ப்ளீஸ். அந்த நம்பரை எந்த லேபும் சுட்டுப் பார்க்கலை. மேனுவல்ல இருக்கிற ஒவ்வொரு வரியும் அவங்க பேரல், அவங்க புல்லட், அவங்க பிரைமர் (பவுடரைப் பத்தவைக்கிற சின்ன மூடி), அந்த லாட் (ஒரே தடவைல தயாரான தொகுதி) பவுடர் வச்சு அன்னைக்கு வந்த ரிசல்ட், அவ்வளவுதான். அதுல எது உங்க சாமானுக்குப் பொருந்துதுன்னு பார்க்கிறதுதான் நம்ம வேலை.

முதல்ல புல்லட். எடை ஒத்துப்போனா போதும்னு நினைக்காதீங்க. .38 ஸ்பெஷல்ங்கிற ரவுண்ட்ல 148 கிரெய்ன் (புல்லட், பவுடர் எடையோட அலகு) வாட்கட்டர், அதாவது தட்டை மூக்கு புல்லட், கேஸ் வாய் வரைக்கும் உள்ள இறங்கி உக்காரும், 158 கிரெய்ன் ரவுண்ட் நோஸ் நல்லா வெளிய நீட்டிட்டு நிக்கும். எடை கம்மிதானேன்னு 158க்கு உள்ள அளவை வாட்கட்டருக்குப் போட்டா, உள்ள இடம் சுருங்கிப்போய் ப்ரெஷர் எகிறிடும். ஈயத்துக்கு உள்ள டேட்டாவையும் ஜாக்கெட் புல்லட் (மேல செம்பு உறை போட்டது) டேட்டாவையும் மாத்திப் போடக்கூடாது, ஈயத்துக்கான லைட் லோடுல ஜாக்கெட் புல்லட் பேரல்லயே சிக்கி நின்னுடலாம்.

அடுத்து ப்ரெஷர் எந்த அளவுகோல்ல இருக்குன்னு பாருங்க. .357 மேக்னமுக்கு பழைய மேனுவல்ல 45,000 சியூபி, இப்போ அமெரிக்க ஸ்டாண்டர்ட் 35,000 பிஎஸ்ஐ, ஐரோப்பாவோட சிஐபி ஸ்டாண்டர்ட்ல 3,000 பார், அதாவது கிட்டத்தட்ட 43,500 பிஎஸ்ஐ. சியூபிங்கிறது செம்புத் துண்டு எவ்வளவு நசுங்குதுன்னு அளக்கிறது, பிஎஸ்ஐ சென்சார் வச்சு எடுக்கிறது, ஒண்ணை இன்னொண்ணா மாத்த நம்பகமான கணக்கு கிடையாது. தலைப்பையும் முழுசா படிங்க: .38 ஸ்பெஷல் லிமிட் 17,000 பிஎஸ்ஐ, ப்ளஸ் பி-க்கு (அதிக ப்ரெஷர் வகை) 20,000. .45 கோல்ட்டுக்கு 14,000தான், ஆனா சில மேனுவல்ல கனமான ரிவால்வருக்கு மட்டும்னு தனிப் பகுதி இருக்கும், அதை பழைய ரிவால்வர்ல போட்டா சிலிண்டரே வெடிச்சுடும்.

வெலாசிட்டி வித்தியாசத்துக்கெல்லாம் ரொம்ப மண்டையை உடைச்சுக்க வேண்டாம், பேரல் நீளமும், சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல உள்ள கேப்பும் மாறினாலே அது மாறும். வெலாசிட்டி வரலையேன்னு அதுக்காக பவுடரை ஏத்திடாதீங்க.

சரி, எங்க ஆரம்பிக்கிறது? பவுடர் கம்பெனியோட இப்போதைய டேட்டாதான் எனக்கு முதல் சாட்சி, அடுத்து உங்க புல்லட் கம்பெனியோடது. பொருந்துற டேட்டாவுல எது கம்மியான ஸ்டார்ட்டிங் லோடோ அங்க ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஏத்திட்டு, கம்மியான மேக்ஸிமம்லயே நின்னுக்கோங்க. இதுக்கு ஒரு விதிவிலக்கு எச்110ங்கிற பவுடர். அதுவும் டபிள்யூ296ம் ஒரே பவுடர்தான், மத்த பவுடர் மாதிரி 10% குறைச்சு ஆரம்பிக்கலாம்னு போனா சரியா எரியாம புல்லட் பேரல்ல மாட்டும், அதனால அதுக்குன்னு கொடுத்த ஸ்டார்ட்டிங் லோடுக்குக் கீழ போகவே கூடாது. பிரைமரும் அவங்க சொன்ன வகையே போடுங்க.

பிரைமர் தட்டையாகலையே (ப்ரெஷர் ஏறினதோட அடையாளம் அது), அப்போ சேஃப்தான்னு .38ல முடிவு பண்ணாதீங்க. அந்த அடையாளம் தெரியிறதுக்குள்ள லிமிட்டை எப்பவோ தாண்டியிருப்பீங்க. காலி கேஸ் சிலிண்டரை விட்டு வர மறுத்துச்சுன்னா அந்த லோடை அதோட நிறுத்திடுங்க.

இன்னொண்ணு, .38 கேஸ்ல ஃபாஸ்ட் பவுடர் ரெண்டு தடவை விழுந்தாலும் வழியாது, அவ்வளவு இடம் இருக்கு. புல்லட் வைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கேஸுக்குள்ளயும் லைட் அடிச்சுப் பாருங்க. சுடும்போது சத்தம் மட்டா கேட்டுச்சுன்னா அடுத்த ட்ரிக்கர் இழுக்காம, ரிவால்வரை காலி பண்ணி, பேரல்ல அடைப்பு இருக்கான்னு பார்த்துட்டுத்தான் மேல சுடணும்.