'அது அவங்க கல்ச்சர்' என்று எழுதாதீர்கள்: சீன, ஜப்பானியச் சமூகப் படிப்பில் சறுக்கும் இடங்கள்

கிழக்காசியப் படிப்புக்கு வருகிறவர்களில் பலர் அனிமே பார்த்து ஆர்வம் வந்தவர்கள். வேறு சிலர் எல்லைச் செய்திகளைப் பார்த்து வந்தவர்கள். எப்படி வந்தாலும் சரி. சிக்கல் முதல் செமஸ்டர் கட்டுரையில்தான் ஆரம்பிக்கிறது. எதைப் பற்றிக் கேட்டாலும் "கன்பூசியப் பண்பாடுதான் காரணம்" என்று ஒரு வரி வந்து விழும். எழுதியவருக்கு அதற்கு மேல் யோசிக்க வேலையில்லாமல் போய்விடுகிறது.

பழைய சீனத் தத்துவஞானி கன்பூசியஸ் பெயரைச் சொல்லி இரண்டு நாடுகளையும் ஒரே மூட்டையில் கட்டுவதைத்தான் முதலில் விட வேண்டும். குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூத்தோரை மதிப்பதும் முன்னோரை வழிபடுவதும் இரண்டு இடத்திலும் உண்டு. ஆனால் பழைய சீனாவில் அப்பாவின் சொத்து மகன்களுக்குச் சமமாகப் பிரியும். மகன் இல்லாதவர், தன் வம்சத்திலேயே ஒரு பையனைத் தத்தெடுப்பார். வேறு குடும்பப் பெயர் உள்ளவனை வாரிசாக்குவது முறையல்ல. தோக்குகாவா வம்சம் ஆண்ட காலத்து (1603–1868) ஜப்பானில் சாமுராய் என்ற போர்வீரர் குடும்பங்களிலும் வணிகக் குடும்பங்களிலும் வீடும் தொழிலும் பொதுவாக ஒரே வாரிசுக்குப் போகும். பெற்ற மகன் சரிப்படாவிட்டால் மருமகனையோ, கடையில் வேலை செய்து பெயரெடுத்த ஆளையோ தத்தெடுத்து, வீட்டுப் பெயரைக் கொடுத்துப் பொறுப்பை ஒப்படைத்துவிடுவார்கள். அங்கே ரத்தம் தொடர்வதைவிட வீடு தொடர்வதுதான் பெரிது.

இது பழங்கதையும் அல்ல. இந்த 'வீடு' என்ற அமைப்பை 1898ஆம் ஆண்டின் ஜப்பானியச் சிவில் சட்டம் சட்டமாகவே ஆக்கியது. போருக்குப் பிறகு, 1947இல் அது ஒழிந்தது. ஆனால் கணவன், மனைவி இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர்தான் இருக்க வேண்டும் என்ற விதி மட்டும் 750ஆவது பிரிவாகத் தங்கிவிட்டது. நடைமுறையில் பெயரை மாற்றிக்கொள்வது பெரும்பாலும் மனைவிதான். சீனப் பெண்களோ கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடேயே இருக்கிறார்கள். இரண்டுக்கும் கன்பூசியஸையே காரணம் காட்டினால் அவர்தான் என்ன செய்வார்?

ஆட்சியிலும் இதே கதை. சீனாவில் அதிகாரிகளைத் தேர்வு வைத்து எடுக்கும் முறை பல நூற்றாண்டுகள் ஓடி 1905இல்தான் முடிந்தது. தோக்குகாவா கால ஜப்பானை ஆண்டவர்கள் பிறப்பால் சாமுராய்கள். படித்த நூல்கள் ஏறக்குறைய ஒன்று, கட்டிய சமூகங்கள் வேறு.

அடுத்தது, 'பாரம்பரியம்' என்று சொன்னாலே ஆயிரம் வருடப் பழமை என்று நம்பிவிடுவது. ஜூடோவை கானோ ஜிகோரோ உருவாக்கியது 1882இல். ஜப்பானின் பழைய மதமான ஷிண்டோ முறைத் திருமணம் மக்களிடையே பரவியது, 1900இல் பட்டத்து இளவரசரின் திருமணம் அப்படி நடந்த பிறகு. சாமுராய் அறம் பற்றி உலகமே மேற்கோள் காட்டுகிற நிதோபே இனாசோவின் நூல், அதே 1900 வாக்கில் மேலைநாட்டு வாசகர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. சீன உடை என்றதும் நினைவுக்கு வரும் சிபாவ், இன்று நாம் பார்க்கும் வடிவில் 1920களின் ஷாங்காய் ஃபேஷன். இவற்றைப் போலி என்று தள்ள வேண்டாம். எப்போது, யார், எதற்காக என்று கேட்டால் அந்தக் காலத்து அரசியல் வெளியே வரும். கட்டுரைக்கு அதுதான் சத்து.

இன்றைய சமூகத்தைப் பற்றி எழுதும்போது இந்தச் சறுக்கல் இன்னும் மோசமாகிறது. சீனக் கிராமங்களில் பேரப்பிள்ளைகளைத் தாத்தா பாட்டி வளர்க்கிறார்களா? உடனே "குடும்பப் பாசம்" என்று எழுதிவிடுகிறார்கள். 1958இல் சட்டமான ஹூகோ என்ற குடும்பப் பதிவு முறையைப் பார்த்தீர்களா? ஊர் விட்டு ஊர் போய் உழைக்கலாம். ஆனால் பதிவு கிராமத்தில் இருந்தால், பெருநகரத்தில் பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது கஷ்டம். கல்லூரி நுழைவுத் தேர்வையும் பெரும்பாலும் பதிவுள்ள மாகாணத்தில்தான் எழுத வேண்டும். அதனால் அப்பா அம்மா நகரத்தில், பிள்ளை ஊரில்.

ஜப்பானிலும் அப்படித்தான். திருமணமான பெண்கள் பலர் பகுதிநேர வேலையோடு நின்றுவிடுவதற்கு "குடும்பமே முக்கியம் என்ற மனப்பான்மை" என்று எழுதுவது சுலபம். சம்பளக்காரரின் மனைவி ஆண்டுக்கு 13 லட்சம் யென்னுக்குக் கீழே சம்பாதித்தால், பொதுவாக ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் அவர் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. தாண்டினால் கட்ட வேண்டும். வருடக் கடைசியில் கணக்குப் போட்டு வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கும் ஒரு பண்பாடு இருந்ததே என்று நீங்கள் வாதிடலாம். தாராளமாக, சட்டத்தைப் படித்த பிறகு.

நம் ஆட்களுக்கென்றே ஒரு தனிப் பள்ளம் உண்டு: போதிதர்மர். காஞ்சிபுரத்து இளவரசர் சீனா போய்க் குங்ஃபூ கற்றுக்கொடுத்தார் என்பதை வரலாறாகவே எழுதிவிடுகிறார்கள். அவரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு, லுவோயாங் நகர மடங்களைப் பற்றி கி.பி. 547 வாக்கில் யாங் ஷுவான்ஷி எழுதியது. அது அவரைப் பாரசீகப் பக்கத்திலிருந்து வந்தவர் என்கிறது. தென்னிந்தியர் என்று சொல்லும் பழைய குறிப்பும் உண்டு. ஷாவோலின் மடத்துச் சண்டைக் கலையோடு அவரை முடிச்சுப் போட்டதோ 17ஆம் நூற்றாண்டில்தான். அப்போது சீனர்களுக்கு ஏன் அந்தக் கதை தேவைப்பட்டது என்று கேட்பது, அவர் எந்த ஊர் என்று சண்டை போடுவதைவிடப் பயனுள்ளது. தமிழும் ஜப்பானிய மொழியும் உறவு என்ற ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோவின் கருத்தும் இப்படித்தான். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்காததை முடிவாக வைத்துக்கொண்டு கட்டுரையைத் தொடங்காதீர்கள்.

தமிழ்த் தொடர்பு வேண்டும் என்றால் உறுதியான கல்லே இருக்கிறது. சீனாவின் சுவான்ஜோவ் துறைமுக நகரில் 1281ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே இலங்கைக்குக் கொண்டுவந்த, 1409 தேதியிட்ட மும்மொழிக் கல் அங்குள்ள காலி (Galle) நகரில் கிடைத்து, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. காணிக்கைகளின் பட்டியல் சீனப் பகுதியில் புத்தருக்கு, தமிழ்ப் பகுதியில் திருமாலுக்கு, பாரசீகப் பகுதியில் அல்லாவுக்கு. ஒரு செமஸ்டர் கட்டுரைக்கு இதைவிட என்ன வேண்டும்!

பெயர் விஷயத்திலும் கவனம் தேவை. இரண்டு நாட்டிலும் குடும்பப் பெயர் முன்னால் வரும். மாவோ சேதுங்கில் மாவோதான் குடும்பப் பெயர். சீனப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுத, பழைய ஆங்கில நூல்களில் வேட்-ஜைல்ஸ் முறை, புதியவற்றில் பின்யின் முறை. இது தெரியாமல் ஒரே சிந்தனையாளரை இரண்டு ஆட்களாக்கி ஒப்பிட்டவர்களும் உண்டு.

மொழியில், இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்காதீர்கள் என்பது என் கட்சி. ஜப்பானிய வாக்கிய அமைப்பு நமக்குப் பழகியதுபோலவே இருப்பதால் முதல் வருடம் குஷியாக ஓடும். பிறகு அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த 2,136 கான்ஜி எழுத்துகள் (சீன எழுத்துகள்) வந்து நிற்கும். சீனத்தில், குரலின் ஏற்ற இறக்கத்தாலேயே சொல்லின் பொருளை மாற்றும் தொனிகள் தொடக்கத்திலேயே உயிரை எடுக்கும்.

சேருவதற்கு முன் பாடத்திட்டத்தைப் பாருங்கள். தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜேஎன்யு) சீன, ஜப்பானிய மொழித் துறைகள் ஒரு பக்கம், கிழக்காசிய ஆய்வு மையம் வேறொரு பக்கம். மொழிப் பட்டத்தில் சேர்ந்துவிட்டு சமூகவியல் எங்கே என்று தேடக் கூடாது. மேற்படிப்புக்கு ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குப் போகிறவர்கள் ஆய்வுத் திட்டம் எழுதித் தர வேண்டும். அதில் 'ஜப்பானியப் பண்பாடு' என்று தலைப்பு வைத்தால் யாரும் இரண்டாவது பக்கத்தைப் புரட்ட மாட்டார்கள். '1947க்குப் பிறகு குடும்பப் பெயர் விதியை மாற்றக் கோரிய வழக்குகள்' என்று வைத்துப் பாருங்கள்.