பழைய உதிரிபாகங்களில் ஒரு சோலார் தோட்ட விளக்கு: புதிதாகத் தொடங்குபவர்களுக்கான செய்முறை

எரியாமல் போன சோலார் தோட்ட விளக்கு ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருக்கும். அதைத் தொடும் ஸ்பிரிங் துருவேறிக் கிடக்கும். ஆனால் மேலே இருக்கும் பேனலை வெயிலில் காட்டி மல்டிமீட்டரை (வோல்ட், ஆம்பியர், ஓம் அளக்கும் கருவி) வைத்தால் பெரும்பாலும் 2 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். எல்.இ.டி.யும் நன்றாகவே இருக்கும். செத்தது பேட்டரி மட்டும்தான், ஆனால் மொத்த விளக்கும் குப்பைக்குப் போகிறது. நல்ல பேனல்கள் இப்படி வீணாவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. அதனால்தான் இந்தச் செய்முறை.

கம்பிச்சுருள் சுற்ற வேண்டாம், புரோகிராம் எழுத வேண்டாம். இருட்டினால் தானாக எரிந்து, விடிந்தால் தானாக அணையும் விளக்கை ஆறே வகைப் பாகங்களில் செய்துவிடலாம். கையில் ஒரு மல்டிமீட்டர் மட்டும் கட்டாயம் வேண்டும். பழைய பாகம் எதையும் பார்த்த மாத்திரத்தில் நம்பக் கூடாது, அளந்து பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

பாகங்களைத் தேடுவோம்

பேனல்: செத்துப்போன மூன்று தோட்ட விளக்குகளிலிருந்து மூன்று சிறு பேனல்கள். ஒவ்வொன்றும் சுமார் 2 வோல்ட், மூன்றையும் தொடராக (ஒன்றின் பிளஸை அடுத்ததன் மைனஸோடு) இணைத்தால் 6 வோல்ட். மேற்பரப்பு மங்கியிருந்தால் மிக நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்து, காய்ந்ததும் நிறமில்லாத வார்னிஷ் ஒரு பூச்சு கொடுங்கள். நன்றாகத் தெளியும்.

பேட்டரி: 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் மூன்று, தொடராக. பழைய கார்ட்லெஸ் போன் ஒன்று கிடைத்தால் வேலை மிச்சம். அதில் பெரும்பாலும் மூன்று செல்லை ஒன்றாகக் கட்டிய 3.6 வோல்ட் பேக் இருக்கும்.

லேப்டாப்பிலிருந்தும் செல்போனிலிருந்தும் எடுத்த லித்தியம் பேட்டரியை இதில் போடவே போடாதீர்கள். அது 4.2 வோல்ட்டைத் தொட்டதும் சார்ஜ் நின்றாக வேண்டும். நம் சுற்றில் அப்படி நிறுத்தும் அமைப்பு எதுவும் இல்லை, தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

டிரான்சிஸ்டர்: மின்சாரத்துக்குக் கதவு போலத் திறந்து மூடும் பாகம், எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று மூன்று கால்கள் உண்டு. பி.என்.பி. வகை ஒன்று வேண்டும். பழைய ரேடியோவிலும் பொம்மைகளிலும் எஸ்8550 கிடைக்கும். பிசி557, 2என்3906 எதுவானாலும் சரி. கால்களின் வரிசையில் கவனம் வேண்டும். தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், எஸ்8550க்கும் 2என்3906க்கும் இடமிருந்து வலமாக எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி557க்கு அப்படியே தலைகீழ்: கலெக்டர், பேஸ், எமிட்டர். சந்தேகம் வந்தால் மீட்டரை டையோடு நிலையில் வைத்து, கறுப்பு முனையைப் பேஸில் தொட்டு, சிவப்பு முனையை மற்ற இரண்டு கால்களிலும் மாறி மாறித் தொடுங்கள். இரண்டிலும் 0.6 முதல் 0.7 வரை காட்டினால் டிரான்சிஸ்டர் உயிரோடு இருக்கிறது.

டையோடு: மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம். 1என்5819 போன்ற ஷாட்கி வகை வேண்டும். இது தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளும் வோல்ட்டேஜ் குறைவு. பழைய போன் சார்ஜர்களின் வெளியீட்டுப் பக்கம் கிடைக்கும். சார்ஜரைத் திறப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆபத்தான அளவு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கலாம். மீட்டரில் அது சுழியத்துக்கு இறங்கியதைப் பார்த்த பிறகே கை வையுங்கள். மைக்ரோவேவ் அடுப்பு, பழைய குழாய் டிவி இரண்டையும் திறக்கவே வேண்டாம்.

எல்.இ.டி.: டார்ச்சிலோ அதே தோட்ட விளக்கிலோ இருக்கும் வெள்ளை எல்.இ.டி. உள்ளே உற்றுப் பார்த்தால் ஒரு மஞ்சள் புள்ளி தெரியும். அது பாஸ்பர் பூச்சு. அதன் அடியில் இருப்பது நீல எல்.இ.டி. நீலமும் மஞ்சளும் கலந்துதான் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீலம் எரிய ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும், ஒற்றைச் செல் போதாமல் மூன்று செல் வைப்பது இதனால்தான். வீட்டு எல்.இ.டி. பல்பின் சில்லுகள் இங்கே உதவாது. அவற்றில் பலவற்றுக்குள் இரண்டு மூன்று எல்.இ.டி.கள் தொடராக இருக்கும், 3.6 வோல்ட்டுக்கு அசையாது.

ரெசிஸ்டர்கள் (மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் தடைகள்): 4.7 கிலோ ஓம் ஒன்று (மஞ்சள், ஊதா, சிவப்பு), 47 ஓம் ஒன்று (மஞ்சள், ஊதா, கறுப்பு). முதல் இரண்டு வளையமும் ஒரே நிறம் என்பதால் மாற்றிப் போட்டுவிடுவது எளிது. பற்றவைப்பதற்கு முன் மீட்டரில் அளந்து, தனித்தனியே வையுங்கள்.

முதலில் அளவு

பேனலின் இரண்டு முனைகளையும் நேரடியாக மல்டிமீட்டரின் மில்லி ஆம்பியர் நிலையில் கொடுத்து, நல்ல வெயிலில் பிடியுங்கள். சோலார் பேனலை இப்படி ஷார்ட் செய்து அளந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. பேட்டரியை மட்டும் ஒருபோதும் இப்படி அளக்கக் கூடாது. மூன்று பேனல்களில் மிகக் குறைவாகக் காட்டுவது எதுவோ, தொடர் இணைப்பில் ஏறத்தாழ அந்த அளவுதான் மொத்தத்துக்கும் கிடைக்கும். ஆகவே ஒத்த பேனல்களாகப் பொறுக்கிச் சேருங்கள்.

40 மில்லி ஆம்பியர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5 மணி நேர நல்ல வெயிலுக்கு 200 மில்லி ஆம்பியர் மணி. சார்ஜ் ஏறும்போது வீணாவது போக 130 கையில் நிற்கும் என்று கணக்கு வையுங்கள். 47 ஓம் ரெசிஸ்டரோடு எல்.இ.டி. சராசரியாக 12 மில்லி ஆம்பியர் இழுக்கும். 130ஐ 12ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 11 மணி நேரம், ஓர் இரவுக்குப் போதும். மேகமூட்டமான நாளில் இதில் ஐந்தில் ஒரு பங்கு தேறினாலே பெரிது.

பேட்டரிக்கும் ஒரு கணக்கு உண்டு. பேனலின் மில்லி ஆம்பியர், பேட்டரியின் மில்லி ஆம்பியர் மணியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 600 மில்லி ஆம்பியர் மணி செல்லுக்கு 60 மில்லி ஆம்பியர் வரை சரி. அப்படி இருந்தால், நிரம்பிய பிறகும் வெயில் அடித்துக்கொண்டே இருந்தாலும் செல் தாங்கிக்கொள்ளும்.

இணைப்பு

கம்பிகளை ஒவ்வொன்றாக நினைவில் வைக்காதீர்கள். மூன்று சந்திப்புகள்தான் இந்தச் சுற்று. அவற்றை அ, ஆ, இ என்போம்.

அ: பேனலின் பிளஸ், டையோடின் பட்டை (உடம்பில் ஒரு முனையோரம் இருக்கும் கோடு) இல்லாத முனை, டிரான்சிஸ்டரின் பேஸ், 4.7 கிலோ ஓமின் ஒரு முனை.

ஆ: டையோடின் பட்டை உள்ள முனை, பேட்டரியின் பிளஸ், டிரான்சிஸ்டரின் எமிட்டர்.

இ: பேனலின் மைனஸ், பேட்டரியின் மைனஸ், 4.7 கிலோ ஓமின் மறுமுனை, எல்.இ.டி.யின் மைனஸ் கால்.

மிச்சம் இருப்பது கலெக்டர். அதிலிருந்து 47 ஓம் வழியாக எல்.இ.டி.யின் பிளஸ் கால். பழைய எல்.இ.டி.யில் கால் நீளத்தை வைத்து முனையைச் சொல்ல முடியாது, வெட்டியிருப்பார்கள். விளிம்பில் தட்டையாகச் சீவப்பட்ட பக்கம்தான் மைனஸ். பேட்டரியின் பிளஸ் கம்பியில் பொம்மையிலிருந்து எடுத்த சிறு ஸ்விட்ச் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விளக்கை எடுத்து வைக்கும் காலத்தில் உதவும்.

இது எப்படி வேலை செய்கிறது? வெயில் இருக்கும்போது பேனலின் வோல்ட்டேஜ் பேட்டரியைவிட மேலே நிற்கிறது. மின்சாரம் டையோடு வழியாகப் பேட்டரிக்குப் போகிறது. அதே நேரம் பேஸ், எமிட்டரைவிட உயர்ந்த வோல்ட்டேஜில் இருப்பதால் டிரான்சிஸ்டர் மூடியே கிடக்கும். பொழுது சாய்ந்து பேனல் ஓய்ந்ததும், 4.7 கிலோ ஓம் பேஸைக் கீழே இழுக்கிறது. டிரான்சிஸ்டர் திறக்கிறது, எல்.இ.டி. எரிகிறது. பேட்டரியிலிருந்து பேனலுக்குத் திரும்பிப் போக முடியாமல் டையோடு தடுத்துவிடும். இருட்டைக் கண்டுபிடிக்கத் தனி சென்சார் எதற்கு, பேனலே அந்த வேலையைச் செய்கிறதே! இந்தச் சுற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இன்னொரு நல்ல விஷயமும் உண்டு. மூன்று செல்லும் சேர்ந்து 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது வெள்ளை எல்.இ.டி. தானாகவே மங்கிவிடும். செல்கள் அடிமட்டம் வரை வற்றிப்போவது பெருமளவு குறையும்.

பற்றவைக்க 25 வாட் சோல்டரிங் அயர்ன் போதும். டிரான்சிஸ்டர் காலில் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் சூட்டை வைக்காதீர்கள். பழைய போர்டுகளில் இருப்பது ஈயம் கலந்த சோல்டராக இருக்கலாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பேட்டரியைக் கடைசியாக இணைத்து, பேனலைக் கையால் மூடுங்கள். எல்.இ.டி. எரிய வேண்டும்.

எரியவில்லையா?

எமிட்டரையும் கலெக்டரையும் ஒரு துண்டுக் கம்பியால் தொட்டுப் பாருங்கள். எரிந்தால் டிரான்சிஸ்டரின் கால்கள் மாறியிருக்கின்றன, அல்லது 4.7 கிலோ ஓம் சரியாக ஒட்டவில்லை. அப்போதும் எரியாவிட்டால் எல்.இ.டி. தலைகீழாக இருக்கிறது, அல்லது பேட்டரி காலி. பகலிலும் எரிந்துகொண்டே இருந்தால் பேனலின் பிளஸ், மைனஸ் மாறியிருக்கும். டையோடு திரும்பியிருந்தால் பகலில் சார்ஜும் ஏறாது, இரவில் விளக்கும் எரியாது. இரண்டு ரெசிஸ்டர்களும் இடம் மாறியிருந்தாலும் சார்ஜ் ஏறாது.

விளக்கின் கூடும் வைக்கும் இடமும்

திருகு மூடி உள்ள கண்ணாடிப் பாட்டில் போதும். மூடியின் மேல் பேனல்கள், உள்ளே சுற்று. கம்பி நுழையும் ஓட்டையையும் பேனலின் ஓரங்களையும் சிலிகான் வைத்து அடையுங்கள். வாங்கும்போது கவனியுங்கள்: வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் செம்புக் கம்பியை அரித்துவிடும், வாடை இல்லாத நியூட்ரல் வகைதான் வேண்டும். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டால் கண்ணாடியில் வேர்க்காது.

வைக்கும் இடத்தில் நிழல் விழக் கூடாது. ஒரே ஒரு இலை ஒரு பேனலை மறைத்தாலும் தொடர் இணைப்பு என்பதால் மூன்றின் மின்சாரமும் சேர்ந்தே குறையும். தெருவிளக்கின் வெளிச்சம் நேராகப் படும் இடமும் வேண்டாம், விடியவில்லை என்பது விளக்குக்குத் தெரியாது. எல்.இ.டி.யின் ஒளியே பேனலில் பட்டால் மினுமினுக்கும், இடையில் ஒரு அட்டை வையுங்கள். அவ்வப்போது ஈரத்துணியால் பேனலின் தூசியைத் துடையுங்கள்.

நல்ல வெயில் அடித்த நாளிலும் விளக்கு சீக்கிரமே அணையத் தொடங்கினால் செல்கள் முடிந்துவிட்டன என்று அர்த்தம். மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள், பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். கழற்றிய செல்லில் நிக்கல் காட்மியம் என்று எழுதியிருந்தால் அது நச்சுப்பொருள், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.