தென்னஞ் சாராயத்தை மூக்கிலிருந்து தொடங்குங்கள்

என் அம்மப்பா வடமராட்சியில் கள்ளிறக்கினவர். விடிய நாலரைக்கெல்லாம் காலில் மாட்டி மரமேறுகிற தளநாரும் பாளைக்கத்தியுமாகப் புறப்பட்டுவிடுவார். ஆறரைக்குத் திரும்பி வரும்போது கள் முட்டியின் வாயில் நுரை நிற்கும். தவறணைக்கு, அதாவது கள்ளுக்கடைக்கு, கொடுக்கமுதல் ஒவ்வொரு முட்டியிலும் முகத்தை வைத்து மணந்து பார்ப்பார். ஒரு சொட்டும் குடிக்கமாட்டார், மணம் மட்டும்தான். "இந்த முட்டி வடிவாக் கழுவேல்லை" என்று ஒன்றைத் தள்ளி வைப்பார். மற்றவர்கள் மணந்தால் ஒன்றுமே தெரியாது. அவர் சொன்னால் சரியாக இருக்கும்.

நான் கொழும்பில் ஹோட்டல் பார்களில் வேலைக்குச் சேர்ந்து 17 வருடமாகிறது. விஸ்கி, ஜின், ரம் எல்லாம் ஊற்றிப் பழகிவிட்டேன். ஆனாலும் வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கட ஆட்கள் "இங்கத்தைய நல்ல சாமான் எது?" என்று கேட்டால் என் கை போவது தென்னஞ் சாராயப் போத்தலுக்குத்தான். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டதும் தயங்குவார்கள். அங்கே சாராயம் என்றால் கள்ளச் சாராயம், சாவு, பத்திரிகைச் செய்தி. இங்கே அந்த இடத்தில் இருப்பது கசிப்பு. சாராயம் என்றால் தென்னங்கள்ளை வடித்து, மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் வைத்து, லேபல் ஒட்டி, வரி கட்டி விற்கிற மது. அதை எப்படித் தெரிந்து வாங்குவது, எப்படிக் குடிப்பது என்பதை அடிக்கடி ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் அது என்னவென்று தெரியவேண்டும். வாதுவை, களுத்துறைப் பக்கம் காலையில் போனால் தென்னந்தோப்புக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். மரத்துக்கு மரம் இரண்டு தும்புக் கயிறு கட்டியிருக்கும். கீழ்க்கயிற்றில் கால் வைத்து, மேல்க்கயிற்றைக் கையால் பிடித்து, ஒரு மனிதர் வானத்தில் நடந்து போவார். மரத்துக்கு மரம் இறங்கி ஏறத் தேவையில்லை. எங்கட பனங்காட்டில் இந்த முறை கிடையாது. முதல்தரம் பார்த்தபோது எனக்கு அம்மப்பாவின் முழங்கால் ஞாபகம் வந்தது. இந்தக் கயிறு இருந்திருந்தால் கடைசிக் காலத்தில் அந்த முழங்கால் அவ்வளவு நொந்திருக்காது.

விரியாத தென்னம்பாளையைக் கட்டி, தட்டி, நுனியைச் சீவிவிட்டால் பால் சொட்டும். முட்டிக்குள் விழுந்த உடனேயே காற்றிலும் முட்டியிலும் இருக்கிற ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். முட்டியில் சுண்ணாம்பு பூசினால்தான் புளிக்காமல் இனிப்பான கருப்பணியாக நிற்கும். பூசாவிட்டால் சில மணித்தியாலத்தில் கள். இன்னும் விட்டால் வினாகிரி. அச்சாறுக்கு ஊற்றுகிற தென்னங்கள் வினாகிரி அதுதான். அதனால் கள்ளை ஒரு நாளைக்குள் வடித்தாகவேண்டும். தானியத்தையும் கரும்புப் பாகையும் அடுக்கி வைத்து ஆறுதலாகக் காய்ச்சலாம், கள் யாருக்கும் காத்து நிற்காது. அந்த அவசரமும் அந்தப் பூ மணமும் நல்ல சாராயத்துக்குள் இருக்கும். மூக்கால் தேடவேண்டியது அதைத்தான்.

வடித்ததை ஹல்மில்ல மரத்துப் பெரிய பீப்பாய்களில் ஊறவிடுவார்கள். ஆங்கிலேயர் அந்த மரத்துக்குத் திருகோணமலை மரம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். விஸ்கி ஊறுகிற ஓக் மரம்போல அது வனிலா வாசத்தை அள்ளிக் கொட்டாது. மெல்லமாகத்தான் கொடுக்கும். ஓக் வாசத்தை எதிர்பார்த்து மணந்தால் ஏமாந்துபோவீர்கள்.

இனி கடைக்குப் போவோம். இலங்கையில் 21 வயது நிரம்பியவர்களுக்குத்தான் விற்பார்கள். பௌர்ணமி நாளான போயா தினத்தில் எந்த மதுக்கடையும் திறக்காது. ஆகவே, கலண்டரைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். வைன் ஸ்டோர்ஸ் என்று பலகை போட்ட கடைகளில் கம்பிக்குப் பின்னால் நின்று தருவார்கள், போத்தலைக் கையில் எடுத்து வாசிக்க விடமாட்டார்கள். முதல்தரம் வாங்குகிறவர் பெரிய சுப்பர்மார்க்கெட்டின் மதுப் பிரிவுக்குப் போவது நல்லது. நேரக் கட்டுப்பாடு இருக்கிறது, ஆனால் ஆறுதலாக நின்று லேபலை வாசிக்கலாம். நாட்டை விட்டுப் போகிறவர்களுக்குக் கட்டுநாயக்க விமான நிலைய டியூட்டி ஃப்ரீ இருக்கிறது.

லேபலில் நான் பார்ப்பது ஒரே ஒரு விஷயம்: உள்ளே இருப்பது முழுக்கத் தென்னஞ் சாராயமா, கலவையா. மலிவான போத்தல்களில் கரும்புப் பாகிலிருந்து வடித்த மதுசாரம் கலந்திருக்கும். அது கள்ளத்தனம் இல்லை, சட்டப்படிதான் விற்கிறார்கள். ஊரில் அதிகம் ஓடுவதும் அதுதான். ஆனால் சாராயத்தை அறிமுகம் செய்துகொள்ள அது சரியான போத்தல் இல்லை. டிசிஎஸ்எல் என்ற வடிசாலைக் கம்பனியின் விஎஸ்ஓஏ, 1924இலிருந்து இயங்கும் ரொக்லண்ட் கம்பனியின் சிலோன் அரக், ஓல்ட் ரிசர்வ் ஆகியவை ஊறவைத்த வகை. டபிள் டிஸ்டில்ட் என்று வருவது நிறமில்லாமல் தெளிவாக இருக்கும், அது கொக்டெயிலுக்கு நல்லது. வீரியம் பெரும்பாலும் 33இலிருந்து 40 வீதம் வரை. கலக்கிக் குடிக்கிறதென்றால் 40க்குக் கிட்ட இருப்பதை எடுங்கள், வீரியம் குறைந்த சாராயம் ஐஸ் கரைந்ததும் காணாமல் போய்விடும்.

நிறத்தைப் பார்த்து வாங்கவேண்டாம். தேன் நிறத்தைக் கரமல் போட்டும் கொண்டுவரலாம்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஊருக்குப் போகிற அவசரத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் முழுப் போத்தல் ஒன்று வாங்கினேன். லேபல் சரி, நிறம் சரி. வீட்டில் மாமா மூடியைத் திருகினபோது வளையம் 'டக்' என்று உடையவில்லை, முழுதாகச் சுழன்றது. மணந்தால் ஆஸ்பத்திரி ஸ்பிரிட். மாமா ஒன்றும் பேசாமல் கிணற்றடியில் ஊற்றினார். அன்றிலிருந்து கடை வாசலிலேயே கலால் திணைக்களத்தின் ஸ்டிக்கர் கிழியாமல், ஓரம் கிளம்பாமல் இருக்கிறதா, மூடி வளையம் இறுக்கமா என்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பேன். மெதனோல் என்ற நஞ்சை மூக்கால் பிடிக்க முடியாது. ஆகவே, இந்த இடத்தில் என் மூக்கையும் நம்பாதீர்கள். உரிமம் உள்ள கடை, உடையாத மூடி, சரியான ஸ்டிக்கர். கசிப்பை யார் அன்போடு நீட்டினாலும் வாங்கவேண்டாம்.

இலண்டனில் இருப்பவர்கள் இலங்கைக் கடைகளிலும், இணையத்தில் மது விற்கிற பெரிய கடைகளிலும் தேடலாம். ஒன்ராறியோவில் இருப்பவர்கள் எல்சிபிஓ என்ற அரச மதுக்கடையின் இணையப் பக்கத்தில் எந்தக் கிளையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள், கடைக்குக் கடை மாறும். ஒரு எச்சரிக்கை: சாராயத்துக்கு ஆங்கில லேபலில் வருகிற அரக் என்ற பெயரில் வேறு இரண்டு மதுவும் வரும். மத்திய கிழக்கு நாடுகளின் அரக் சோம்பு வாசத்தோடு, தண்ணீர் விட்டால் பால்போலாகும். இந்தோனேசியாவின் பட்டாவியா அரக் கரும்புப் பாகில் வடித்தது. இரண்டும் நல்ல மதுதான், ஆனால் தென்னை இல்லை. சிலோன், கோக்கனட் என்ற சொற்களைத் தேடுங்கள்.

போத்தல் வீட்டுக்கு வந்ததும் சோடாவை எடுக்காதீர்கள். ஐஸும் வேண்டாம். வாய் ஒடுங்கின கிளாஸ் ஒன்றில் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி, ஊற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு வாயைச் சற்றே திறந்தபடி, கிளாஸை நாடிக்குக் கிட்டப் பிடித்து மணந்து பாருங்கள். மூக்கை உள்ளே விட்டால் மதுசாரம் சுட்டு வேறொன்றும் தெரியாது. நல்லதென்றால் முதலில் ஒரு பூ மணம் வரும். கலியாண வீட்டில் நிறைகுடத்துக்குப் பக்கத்தில் தென்னம்பாளை விரித்து வைப்பார்களே, அந்த மணம். அதற்குப் பின்னால் கனிந்த கதலி வாழைப்பழம், கடைசியில் பழைய மரப்பெட்டியைத் திறந்ததுபோல ஒரு வாசம். நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி மணந்தால் பூ இன்னும் தெளிவாகும். பிறகுதான் நாக்கு.

கலவையா இல்லையா என்று சந்தேகம் வந்தால் நான் செய்வது இது. உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, கைகளை உரசி, அரை நிமிடம் பொறுத்து மணப்பேன். மதுசாரம் பறந்துவிடும், மிஞ்சுவது சாராயத்தின் சொந்த மணம். நல்ல விஎஸ்ஓஏ என்றால் கையில் வெகுநேரம் பாளை வாசம் நிற்கும். மலிவுப் போத்தலென்றால் ஒன்றும் இருக்காது, அல்லது சீனி கருகின வாசம் மட்டும். இது ஆய்வுகூடச் சோதனை இல்லை, ஆனால் என்னை அதிகம் ஏமாற்றியதில்லை.

இப்போது கலக்கலாம். மிக எளிதானது ஜிஞ்சர் பியர். உயரமான கிளாஸ் நிறைய ஐஸ், சாராயம் 50 மில்லி, அரைத் தேசிக்காயின் (எலுமிச்சையின்) புளி, அதாவது சாறு, மேலே எலிபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியர் 120 மில்லி. ஒரே ஒரு தரம் கிண்டுங்கள், அதிகம் கிண்டினால் காஸ் போய்விடும். கோலாவோடு குடிக்கிறவர்களைத் தடுக்கமாட்டேன், ஆனால் அந்த இனிப்புக்குள் பாளை மணம் செத்துவிடும். அதற்கு நல்ல போத்தலைச் செலவழிக்காதீர்கள். செவ்விளநீரோடு குடிப்பதும் நல்லதுதான். குளிரவைத்த இளநீர் இரண்டு பங்கு, சாராயம் ஒரு பங்கு, வேறொன்றும் வேண்டாம்.

எனக்குப் பிடித்தது சவர் என்ற புளிப்புக் கொக்டெயில். சாராயம் 50 மில்லி, தேசிக்காய்ப் புளி 25 மில்லி, கித்துள் பாணி, அதாவது கித்துள் பாளைச்சாற்றைக் காய்ச்சின பாகு, 20 மில்லி. பாணி தடித்தது, ஐஸில் பட்டால் அடியில் உறைந்து நிற்கும். அதனால் முதலே பாணியும் சுடுதண்ணீரும் சரிக்குச் சரி கலந்து ஆறவைத்து, அதிலிருந்து 20 மில்லி எடுங்கள். கித்துளும் தென்னையும் பனை வம்சம், இரண்டின் பாளைச்சாறும் ஒரு கிளாஸில் சேரும்போது சீனியில் வராத ஒரு பொருத்தம் வரும். பாணி நல்லதாக இருக்கவேண்டும், சீனி கலந்து விற்பது நிறைய. மூன்றையும் ஐஸோடு மூடியுள்ள ஜாடியில் போட்டு, ஜாடிக்கு வெளியே பனி பூக்கிறவரை குலுக்குங்கள், 12 செக்கன் காணும். வடித்து ஊற்றி, மேலே ஒரு கரண்டி கொடித்தோடை (பாஷன் ஃப்ரூட்) சாறு விதையோடு விட்டால் விருந்தாளிக்கு வைக்கலாம்.

தேசிக்காயை அந்த நேரமே பிழியுங்கள். பழகுகிற காலத்தில் நான் நேரம் மிச்சம் பிடிக்கக் காலையிலேயே ஒரு ஜக் பிழிந்து வைத்தேன். இரவு ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸை மெதுவாகத் தள்ளி வைத்தார். பேசாமல் போனார். நான் அதை நாக்கில் வைத்துப் பார்த்தேன்: கசப்பு. சாராயத்தில் பிழை இல்லை, புளியில் பிழை. இன்றுவரை காலையில் பிழிந்ததை இரவில் ஊற்றியதில்லை.

பத்துப் பேர் வருகிறார்களென்றால் பன்ச் செய்யுங்கள். அந்தச் சொல்லே நம் பக்கத்தில் ஐந்தைக் குறிக்கிற பஞ்ச என்ற சொல்லிலிருந்து போனதென்று பலர் சொல்வார்கள்: மது, புளிப்பு, இனிப்பு, தண்ணீர், வாசனைத் திரவியம். 200 கிராம் சீனியில் நாலு தேசிக்காயின் பச்சைத் தோலை மட்டும் சீவிப் போட்டு, கையால் பிசைந்து, ஒரு மணித்தியாலம் மூடி வையுங்கள். தோலின் எண்ணெய் சீனிக்குள் இறங்கும். வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கசக்கும். ஒரு லீற்றர் சூடான, பால் விடாத பிளேன்டீயை அதில் ஊற்றிக் கரையுங்கள். ஒரு துண்டு கறுவா, இரண்டு ஏலக்காய் போட்டு ஆறவிடுங்கள். ஆறினதும் 200 மில்லி தேசிக்காய்ப் புளி, 750 மில்லிப் போத்தல் சாராயம் முழுவதும். வடித்துக் குளிரவைத்து, பெரிய ஐஸ் கட்டியோடு வையுங்கள், சின்னக் கட்டிகள் கெதியாகக் கரைந்து தண்ணியாக்கிவிடும். மேலே சாதிக்காய் கொஞ்சம் உரசுங்கள். தேத்தண்ணியின் துவர்ப்பு இருப்பதால் இனிப்பு திகட்டாது. வீரியம் நாக்கில் தெரியாது, அதனால் சின்னக் கிளாஸ் வையுங்கள், தண்ணீர்ப் போத்தலும் வையுங்கள், வாகனம் ஓட்டுகிறவருக்குச் சாராயம் விடாமல் தனி ஜக் செய்துவிடுங்கள்.

யாழ்ப்பாணம் போகிறவர்கள் பனஞ் சாராயத்தையும் தேடிப் பாருங்கள். வடமராட்சியில் திக்கம் வடிசாலைப் பெயர் எல்லோருக்கும் தெரியும். மணம் தென்னையைவிட முரடு, மண் பிடித்த மணம், சவருக்குள் போட்டால் புளியை அடக்கிவிடும். அதைத் தண்ணீரோடு மட்டும் குடியுங்கள். காலையில் தவறணைப் பக்கம் போகக் கிடைத்தால் பனையோலைப் பிளாவில் ஒரு வாய் கள் குடித்துவிட்டு, அன்று பின்னேரம் சாராயத்தை மணந்து பாருங்கள். மரத்திலிருந்து போத்தல் வரை என்ன நடந்தது என்பதை நான் எழுதுவதைவிட அது தெளிவாகச் சொல்லும்.

திறந்த போத்தலை வெயில் படாத அலுமாரியில் நிமிர்த்தி வையுங்கள். போத்தலுக்குள் சாராயம் மேலும் ஊறாது, ஆகவே விசேஷத்துக்கென்று பூட்டி வைக்கவேண்டாம். அடியில் கால்வாசி வந்ததும் உள்ளே காற்று கூடி, பாளை மணம்தான் முதலில் குறையத் தொடங்கும். அதை ஒரு சின்னப் போத்தலுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் பிளம்ஸ், அதாவது உலர்ந்த திராட்சை, ஒரு பிடி போட்டு மூடி வையுங்கள், நத்தார் கேக்குக்கு உதவும்.